தரகுப்பேட்டை மாடிப்படி

நம்பாமல் இல்லை. அது காரணமே இல்லை. நேற்றுச் சாயங்காலம் நீ கேட்டபோது நான் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டாய். முகம் சுருங்கியது. "என்மேல நம்பிக்கை இல்லன்னா நேரா சொல்லிடும்மா" என்றாய். குழாயடியில் நின்று டம்ளரைக் கழுவினேன். கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினால் வரலாம். காலேஜில் படித்ததில் எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். உன்மேல் எனக்கு இருப்பது சந்தேகம் இல்லை. பொறாமை. எழுதிவிட்டுப் பார்க்கிறேன். அழகான சொல் இல்லை. தாய் மகனுக்கு எழுதும் கடிதத்தில் வரக்கூடாத சொல். ஆனால் இதை அடித்துவிட்டு வேறு எதைப் போட்டாலும் பொய்யாகிவிடும். அதனால் இருக்கட்டும்.

நீ கேட்டது சின்ன விஷயம். தரகுப்பேட்டை மாடியில் கடலை வியாபாரம் நடத்தும் சேட்டிடம் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இனிமேல் என் மகன் சொல்வதுதான், என்னைக் கேட்க வேண்டாம் என்று. கணக்கு என் பேரில் இருக்கிறது. இதுவரை நீ அங்கிருந்து போனில் விலையைச் சொல்வாய். நான் இங்கிருந்து வாங்கு என்பேன், கொடு என்பேன், இரு என்பேன். நீ அப்படியே செய்வாய். தை மாதம் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று பெண் வீட்டில் யாராவது கேட்டால், அம்மா சொல்வதைக் கேட்டுச் சொல்கிறேன் என்றா சொல்வாய்? உன் கூச்சம் புரிகிறது. சேட்டுக்கு என் வாய்ச்சொல் போதும். அந்த மாடியில் எல்லாமே வாய்ச்சொல்தான். நீ முதலில் கேட்டது ஆடி மாதம். அன்றிலிருந்து அந்த வார்த்தையை வெளியே விடாமல் வைத்திருக்கிறேன். கேட்டால், பொறுமையாக யோசிக்கிறேன் என்கிறேன். நம் வீட்டில் பொறுமைக்கு ரொம்ப மரியாதை. அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

நீ கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. அம்மாவுக்கு மூளை, அப்பாவுக்குக் கால். உறவுக்காரர்கள் எல்லோரும் இதைச் சொல்லித்தான் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். நானும் அதை நம்பினேன், ரொம்ப நாள். சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். உன் அப்பா அந்தப் பேட்டையில் ஒரு எண்ணெய்க் கமிஷன் கடையில் பங்குக்கு இருந்தார். மாடியில் நடக்கும் வேர்க்கடலை வாயிதாவில் அவ்வப்போது கைவைப்பார். வாயிதா என்றால் என்ன என்று முதலில் அவர்தான் எனக்கு விளக்கினார். இன்னும் மண்ணுக்குள் இருக்கும் கடலைக்கு இன்றைக்கே விலை பேசுவது. மூட்டையை யாரும் கண்ணால் பார்க்க மாட்டார்கள். காலையில் வாங்கியதைச் சாயங்காலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததை வாங்கிவிட வேண்டும். நடுவில் விலை நகர்ந்த தூரம்தான் லாபமோ நஷ்டமோ. பம்பாயிலிருந்து டிரங்க் காலில் விலை வரும். ஒருவர் அதை உரக்கச் சொல்வார், இன்னொருவர் கரும்பலகையில் எழுதுவார். வாங்குகிறவர் லியா என்பார், கொடுக்கிறவர் தியா என்பார். சொன்னால் சொன்னதுதான். சாயங்காலம் சேட்டு எழுந்து லட்சுமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றுவார். ஏற்றிவிட்டால் அன்றைய வியாபாரம் முடிந்தது. யாரும் எதையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. அது அந்த மாடியின் வழக்கம்.

கேட்டதும் எனக்குப் பிடித்துப்போனது. பொருளாதாரம் படித்தவள். படித்ததை வைத்துக்கொண்டு அல்சூர் வீட்டில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் குஜராத் பக்கம் மழை தள்ளிப்போகிறது என்று ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். அதைப் படித்ததும் விலை எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தோன்றும். பெரும்பாலும் சரியாக இருக்கும். உன் அப்பாவிடம் சொல்லி அனுப்பினேன். ஆனால் காலை எட்டு மணிக்குச் சொன்னது பகல் பன்னிரண்டுக்குப் பழசாகிவிடும். அங்கே விலை வேறாக இருக்கும், நான் சொன்னது வேறு விலைக்கு. அப்புறம் நானே கூடப் போக ஆரம்பித்தேன். மாடிக்கு இல்லை. சந்துக்கு. பெண்கள் மேலே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வரலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அது போதும், நின்றுவிட. வெல்ல மண்டி ஓரமாக ஜட்காவை நிறுத்தி, திரையை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். உன் அப்பா மேலே போய் விலையைப் பார்த்துவிட்டு இறங்கி வருவார். சொல்வார். நான் யோசித்து ஒரு வார்த்தை சொல்வேன். அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறுவார். துணிக்கடைக்குப் போய் வந்ததாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டேன். ஒரு துணியும் வாங்காமல் அத்தனை தடவை துணிக்கடைக்குப் போனவள் பெங்களூரில் நான் ஒருத்திதான்.

ஜட்கா பிரேசர் டவுன் பாஷாவுடையது. நீயும் அதில் ஏறியிருக்கிறாய். குதிரையைவிட அவன் வாய் வேகம். உன் அப்பா அந்த இருட்டுப் படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து, நடுவில் மூட்டை தூக்குகிறவனிடம் அவன் பிள்ளையைப் பற்றி விசாரித்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வருவதற்குள் எனக்கு உள்ளே கொதிக்கும். பாஷா திரைக்கு வெளியே இருந்துகொண்டு சொல்வான், "பம்பாயிலேர்ந்து விலை வந்துடுதும்மா. மாடியிலேர்ந்து நம்ம அய்யா வர்றதுக்குத்தான் பஹுத் தேர், ரொம்ப நேரம் ஆவுது." நான் சிரிக்க மாட்டேன். அவன் சொன்னதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருப்பேன். நான் மேலே இருந்தால். இந்த ஒரு வாக்கியத்தை முடிக்காமல் எத்தனை மத்தியானம் அந்த ஜட்காவுக்குள் வைத்திருந்தேன். நான் மேலே இருந்தால். எனக்கு முழங்கால் வலி இல்லை. நான் யாரிடமும் நின்று பேச மாட்டேன். பலகையில் எழுதும்போதே வார்த்தை என் வாயில் இருக்கும். அவர் வெற்றிலைக் கறை படிந்த உதட்டோடு கீழே வந்து, "நடக்கல. விலை போயிடுச்சு" என்பார். பாதி நாள் இப்படித்தான். என் முடிவு அந்தப் படியிலேயே செத்துப் போகும்.

ஆனாலும் நாம் பிழைத்தோம். மற்றவர்கள் பிழைக்கவில்லை. ஒரு தீபாவளிக்கு முன்னால் விலை கண்ணாமூச்சி ஆடி, அந்த மாடிக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பலர் பிறகு அந்தப் பக்கமே காணவில்லை. உன் அப்பா மட்டும் வழக்கம்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பேட்டையில் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். தாள்மெ முதலியார். தாள்மெ என்றால் கன்னடத்தில் பொறுமை. கல்யாண வீடுகளில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் வெட்கப்படுவார். வெயிலில் தார்ப்பாய்க்குக் கீழே வெந்தவள் நான். பெயர் படியேறினவருக்கு. ஆனால் அந்தக் காலத்தில் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பெயர் அவருடையது, பொறுமை என்னுடையது என்று. இரு, இரு என்று சொன்னவள் நான்தானே. உன்னிடமும் அப்படித்தானே சொல்லி வளர்த்தேன். அந்தச் சமாதானம் ஒரே ஒரு மத்தியானத்தில் போய்விட்டது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உன் அப்பாவுக்கு முழங்கால் வீங்கி எழுந்திருக்க முடியாமல் போன நாள். எண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். பேப்பரில் மழைச் செய்தி வந்திருந்தது. நான் மூன்று தடவை படித்தேன். அவர், "இன்னிக்கி ஒரு நாள் விட்டுடேன்" என்றார். விடவில்லை. பாஷாவை வரச்சொல்லி, சந்தில் இறங்கி, அந்தப் படியில் ஏறினேன். பாஷா வாயைத் திறக்கவில்லை. அவன் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். மேலே இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பீடியை மறைத்தார்கள். சேட்டு ஒரு நாற்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் போட்டு, "பன்னி அம்மாவ்ரே, வாங்க, உக்காருங்க" என்று காப்பிக்குச் சொன்னார். கொஞ்ச நேரம் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அப்புறம் என்னை மறந்துவிட்டார்கள். மறந்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. பலகையில் எழுதுகிறவன் ஈரத் துணியால் எண்ணைத் துடைப்பான். ஈரம் காய்வதற்குள் அடுத்த எண்ணை எழுதிவிடுவான். ஈரத்தில் சாக்கட்டி அழுத்தமாகப் பதியும். கறுப்பில் வெள்ளை. அவ்வளவு பக்கத்தில். நான் வாயைத் திறந்து லியா என்றேன். என் குரலை அந்த அறைக்குள் கேட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டார்கள்.

விலை இறங்கியது. கொடுத்தேன். ஏறியது. விட்டுவிட்டோமே என்று வாங்கினேன். நின்றது. காத்திருக்க முடியவில்லை, இன்னும் கொஞ்சம் வாங்கினேன். இறங்கியது. இறங்க இறங்க வாங்கினால் சராசரி குறையும் என்று ஒரு கணக்கு. சராசரி குறைந்தது, விலை அதைவிடக் குறைந்தது. ஒவ்வொரு முடிவும் அந்த நிமிஷத்தில் சரியாகத்தான் பட்டது. அதுதான் பயங்கரம். தப்பு என்று தெரிந்து நான் எதையும் செய்யவில்லை. சேட்டு ஊதுவத்திக்காக எழுந்தபோது, வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்தப் பருவம் முழுக்க நாம் சேர்த்து வைத்திருந்தது அங்கே போயிருந்தது. மற்றவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சேட்டு எதிரில் வந்து உட்காராமல் நின்றார். நல்ல மனிதர். சொல்லலாமா வேண்டாமா என்று அவருக்குத் தயக்கம்.

"தப்பா நெனைக்கக்கூடாது அம்மாவ்ரே. நம்ம அய்யா மேல வந்ததும் நேரா இங்க வரமாட்டாரு. அந்த ஜன்னல்கிட்ட போய் நின்னுடுவாரு."

"எதுக்கு?"

"சும்னே, சும்மாதான். வெத்தலை மடிப்பாரு. கீழ உங்க ஜட்காவைப் பாத்துக்கிட்டே மெல்லுவாரு. மென்னு முடிச்சப்புறம்தான் திரும்பி போர்டைப் பாப்பாரு. சில நாள் சொல்வாரு. சில நாள் ஒண்ணும் சொல்லாமலே எறங்கிடுவாரு."

"அதுக்குள்ள விலை போயிருக்கும்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "விலை எங்க போவுது? இங்கயேதான் இருக்கும்."

நான் எழுந்து அந்த ஜன்னல் பக்கம் போனேன். மரச்சட்டத்தில் சுண்ணாம்பு தடவித் தடவி ஒரு வெள்ளைத் தடம். கீழே வெல்ல மண்டி. ஜட்காவின் கூரை. நான் வழக்கமாக இழுத்துவிடும் திரை. தினமும் இங்கிருந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் கீழே படியைப் பார்த்துக்கொண்டு, எங்கே இந்த மனுஷன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில். நான் சொன்னதில் பாதியை அவர் அந்த ஜன்னலிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். எந்தப் பாதி என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? பேப்பரை அவர் தலைப்பைத் தாண்டிப் படித்ததில்லை. எனக்கு மழை தெரியும், கப்பல் தெரியும், ஆலைக்காரர்கள் எப்போது வாங்குவார்கள் என்று தெரியும். என்னைத் தெரிந்தது அவருக்கு மட்டும்தான். என் குரலில் எது யோசனை, எது அவசரம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை மென்று பார்க்கிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நஷ்டத்தைச் சொன்னேன். அவர் முழங்கால் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "சரி. நாளைக்கு நான் எப்படியாவது வந்துடுவேன்" என்றார். அவ்வளவுதான். ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியிருந்தால், திட்டியிருந்தால், நானும் ஜன்னலைப் பற்றிக் கேட்டிருப்பேன். அவர் சொல்லட்டும் என்று இருந்தேன். அவர் சொல்லவே இல்லை. பிறகும் பல வருஷம் நான் ஜட்காவில் உட்கார்ந்தேன், அவர் ஏறி இறங்கினார். நடக்கல, விலை போயிடுச்சு என்பார். நான் அவர் உதட்டைப் பார்ப்பேன். புதிதாகச் சிவந்திருந்தால் நின்றிருக்கிறார். சரி என்பேன். இதைப் பிரியம் என்று நீ நினைத்துவிடாதே. பிரியமும் இருந்தது. ஆனால் அந்த ஜன்னலை நினைக்காமல் ஒரு நாளும் நான் அவருக்குச் சோறு போட்டதில்லை. என்னுடையது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஒன்று அவரிடம் இருந்தது. அது தன்னிடம் இருக்கிறது என்று காட்டிக்கொள்ளாமல் இருக்கும் தைரியமும் அவரிடம் இருந்தது. இரண்டாவதுதான் அதிகம் சுட்டது.

நீ காலேஜில் சேர்ந்த வருஷம் அவர் போய்விட்டார். அதன் பிறகு அந்த மாடியை நாம் மறந்திருந்தோம். முன்பக்கப் போர்ஷன் வாடகையில் வண்டி ஓடியது. நீ பி.காம். முடித்தாய். சேட்டு தன் செல்வாக்கில் நம் வீட்டுக்குப் போன் வாங்கிக் கொடுத்தார். நீ மாடி ஏறினாய். உனக்கு நல்ல கால். இரண்டிரண்டு படியாக ஏறுகிறாய் என்று சேட்டு சொன்னார். நான் சொன்னதைச் சொன்ன நிமிஷத்தில் செய்தாய். நல்ல பிள்ளை. அதனால்தான் நம் கணக்கு தேய்ந்துகொண்டே வந்தது. அதை நீ கவனித்திருப்பாய். காலம் மாறிவிட்டது, பெரிய ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று நான் சொன்னதை நம்பியும் இருப்பாய். எனக்குக் காரணம் தெரியும். என் வாய்க்கும் அந்தப் பலகைக்கும் நடுவில் யாரும் இல்லை. தெரிந்தும் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் உன் அப்பா யார் என்று சொல்ல வேண்டிவரும். நீ சின்ன வயதிலிருந்து அவரைக் கால் என்றும் என்னை மூளை என்றும் நினைத்துக்கொண்டிருந்தாய். அந்த இடத்தை விட்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். விலை காலையிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. நீ போனில் சொல்லச் சொல்ல எனக்கு உட்கார முடியவில்லை. வாங்கு என்றேன். "இரும்மா" என்று ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாய். எப்போதும் அப்படித்தான் வைப்பாய். அந்த அறையின் சத்தம் எனக்குக் கேட்கும். மின்விசிறி. யாரோ தும்மினார்கள். விலை சொல்கிறவர் சொன்னார், நீ சொன்ன அதே விலை. உன் செருப்புச் சத்தம் பலகைப் பக்கம் போகவில்லை. தூரமாகப் போய் நின்றது. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். லியா என்று உன் குரல் வரவேண்டும். வரவில்லை. விலை சொல்கிறவர் மறுபடியும் அதையே சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னார். உன் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. "நடக்கலம்மா. விலை போயிடுச்சு" என்றாய்.

அதே சொற்கள். அதே இழுப்பு. யாரும் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நீ வெற்றிலைகூடப் போடுவதில்லை. அந்த ஜன்னலுக்கா போனாய், வேறெங்காவது நின்றாயா என்று எனக்குத் தெரியாது. மூன்று மணிக்கு விலை சரிந்தது. வாங்கியிருந்தால் இந்த வீட்டின் முன்பக்கப் போர்ஷன் நம்முடையதாக இருந்திருக்காது. நீ வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரசம் நன்றாக இருக்கிறது என்றாய். நான் உன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் உன்னை எனக்குப் பிடிக்கவில்லை. என் பிள்ளை வீட்டைக் காப்பாற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்து ரசம் குடிக்கிறது, எனக்குத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போகலாம் போல இருந்தது. அவர் பிள்ளை என்று நினைத்தேன். என்னுடையது என்ன இருக்கிறது இவனிடம் என்று. அப்புறம்தான் உறைத்தது. பேப்பரில் மூலைச் செய்தியைப் படிக்கிறவன் நீ. எனக்கு முன்னால் நீ மழையைச் சொன்ன நாட்கள் உண்டு. அது என்னுடையது. நாங்கள் இரண்டு பேராக, நடுவில் ஒரு மாடிப்படியை வைத்துக்கொண்டு செய்த வேலை. நீ ஒருவனாகவே உனக்குள் செய்துவிடுகிறாய். பொறாமை வராமல் என்ன செய்யும்? அவர்மேல் வந்ததைவிட உன்மேல் அதிகமாக வருகிறது. அவரிடம் பாதிதான் இருந்தது.

பொறுமையை ஒரு குணம் என்கிறார்கள். சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை என்கிறார்கள். எனக்கு அது ஒரு இடம் என்று தோன்றுகிறது. முடிவு எடுத்த பிறகு, கையை நீட்டும் முன்னால், போய் நிற்கிற இடம். அந்த அறையில் அதற்கு இடம் குறைந்துகொண்டே வருகிறது. இன்னொரு போன் வரப்போகிறதாம், பலகை இரண்டாகப் போகிறதாம். நீ நிற்க இடம் பார்த்துக்கொள். ஏறும்போது எல்லோரும் வாங்குகிறார்களே என்று கால் பரபரக்கும்போது நில். இறங்கும்போது சராசரி போடலாம் என்று மூளை கணக்குச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் அதிகமாக நில். என்னுடைய மூளை அது, எனக்குத் தெரியும் அது எவ்வளவு அழகாகக் கணக்குச் சொல்லும் என்று. ஆனால் தப்பு என்று தெரிந்துவிட்டால் நிற்காதே. அந்த விலைக்கே கொடுத்து வெட்டிவிடு. ஊதுவத்தி வரைக்கும் பார்ப்போம் என்று உட்கார்ந்திருப்பது பொறுமையில் சேராது. அது பயம். ஒன்றும் செய்யாமல் வந்த நாளை வீணாய்ப் போன நாள் என்று நினைக்காதே. உன் அப்பா வாரக் கணக்கில் வெற்றிலை மட்டும் மென்றுவிட்டு வந்திருக்கிறார். அவை எல்லாம் வேலை செய்த நாட்கள் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

இன்னொன்று. இது சந்தையைப் பற்றியது இல்லை. வரப்போகிற பெண்ணும் படித்தவள். அவளும் உனக்கு யோசனை சொல்வாள். சில நாள் உன்னைவிட நன்றாகச் சொல்வாள். நீ கேட்காத நாளில் விலை போய்விட்டது என்று அவளிடம் சொல்லாதே. நின்று பார்த்தேன், வேண்டாம் என்று பட்டது, அதனால் செய்யவில்லை என்று சொல். சண்டை வரும். வரட்டும். உன் அப்பா என்னைச் சண்டையிலிருந்து காப்பாற்றினார். அதனால் என் அவசரம் எனக்குத் தெரியாமலே போயிற்று. தெரிந்திருந்தால் நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருப்பேன். ஜட்காவுக்குள் உட்கார்ந்து, இந்தத் தடவை ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டிருப்பேன். அவர் படியோரம் நின்று சொல்லியிருப்பார். அந்தப் பேச்சு எங்களுக்குள் நடக்கவே இல்லை. அது உங்களுக்குள் நடக்கும் என்று நினைத்தால் அந்தப் பெண்மேலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. அவள் இன்னும் இந்த வீட்டு வாசல்படி ஏறவில்லை. அதற்குள்ளாகவே.

நான் சொல்லும் வார்த்தையோடு என் வேலை முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் இத்தனை நாள் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். உன்னைவிட நான் நன்றாக முடிவெடுப்பேன் என்பதால் இல்லை. போன் அடிக்கும்போது எழுந்து ஓட எனக்கு வேறு எதுவும் இல்லை என்பதால். இது உன் தவறு இல்லை. இதற்காக நீ எனக்குச் சின்னதாக ஒரு கணக்கு ஒதுக்கிக் கொடுக்கிறேன் என்று சொல்வாய். உன் குணம் எனக்குத் தெரியும். வேண்டாம். அதில் நான் ஒரே நாளில் பலகைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, நீ கிளம்பிப் போன பின் சேட்டுக்குப் போன் செய்தேன். "இனிமே அவன் வார்த்தைதான் சேட்டு. என்னைக் கேக்க வேணாம்" என்றேன். "அவன் தப்பு பண்ணா அம்மாவ்ரே?" என்றார். "பண்ணுவான். அவனே பாத்துப்பான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சந்தை திறக்க இன்னும் நேரம் இருந்தது. வீட்டில் இருந்தால் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இரண்டு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு, சாவியை முன்பக்கப் போர்ஷனில் கொடுத்துவிட்டு, ஆனேக்கல் பஸ் ஏறி என் தங்கை வீட்டுக்கு வந்தேன். இங்கே போன் கிடையாது. சாப்பிட்டுப் படுத்தேன். எழுந்தபோது மணி ஐந்தாகியிருந்தது. சேட்டு ஊதுவத்தி ஏற்றியிருப்பார். இந்தப் பத்தியை எழுதி முடித்ததும் உறையில் போட்டு ஒட்டி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருவேன்.